பதினோராம் பாசுரம் முடியும்வரை

தூத்துக்குடியிலிருந்து தென்திருப்பேரைக்குக் காரில் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைக் கடப்பதற்கு என் மகள் மூன்று பைகள் தயாரித்திருந்தாள். பதினைந்து வயதுக்கு ஒன்று, ஒன்பது வயதுக்கு ஒன்று, நான்கு வயதுக்கு ஒன்று. ஒவ்வொரு பையின் வாயிலும் நிறக் காகிதம் ஒட்டி, முதல் இருபது நிமிடத்துக்கு எது, அடுத்த இருபது நிமிடத்துக்கு எது என்று எழுதியிருந்தாள். படையெடுத்துப் போகும் மன்னனின் அமைச்சர்கூட இவ்வளவு யோசித்திருக்கமாட்டார். பயணத்தில் பிள்ளைகள் சலித்துப்போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று கைப்பேசியில் யாரோ எழுதிவைத்ததைப் படித்துவிட்டு, பெங்களூரிலிருந்தே இந்த மூட்டைகளைச் சுமந்து வந்திருந்தாள்.

சலிப்பு என்பது இக்காலத்துப் பெற்றோருக்கு ஒரு நோய். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்த்தால்கூட மாத்திரை கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். சலித்த பிள்ளையைப் பார்த்தால் நடுங்கிப்போகிறார்கள். வாய் திறந்து அது ஒரு கொட்டாவி விடுவதற்குள் எதையாவது எடுத்து அதன் முன்னால் ஆட்டவேண்டும். ஆட்டுகிறவர் களைத்தால் திரை ஆட்டும். என் மருமகன் இந்தப் பயணத்துக்கு வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி என் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவன் அவர்களுடன் ஒரு வண்டியில் ஏறாமலிருக்க உலகத்தில் எத்தனை வழிகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன என்பதை அன்று வியந்தேன்.

எங்கள் காலத்தில் இப்படியா என்று தொடங்கும் கிழவர்களையும் நான் மதிப்பதில்லை. எங்கள் காலத்தில் பஸ்ஸில் வாந்தி எடுத்தோம். எடுத்ததற்கு அடி வாங்கினோம். அடி வாங்கிய களைப்பில் தூங்கினோம். அதில் போற்றுவதற்கு ஒன்றுமில்லை.

அந்தப் பயணம் பிள்ளைகளுக்காகப் புறப்பட்டதும் அல்ல. என் அக்காவுக்காகப் புறப்பட்டது.

அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. அரசு மருத்துவமனைகளில் பிரசவ வார்டு நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். கிளாக்கோமா அவளுடைய இரண்டு கண்களையும் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வந்தது. நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. வெளிச்சம் குறைந்தால் நேரே இருப்பதும் பாதிதான். மதுரையில் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். அறுவை செய்தால் போனது திரும்பாது, இருப்பது நிற்கலாம், அதற்கும் உறுதியில்லை என்று டாக்டர் சொன்னார். நாற்பது வருடம் டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு, ஒரு டாக்டர் “பார்ப்போம்” என்று சொன்னால் அதன் பொருள் என்ன என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

மார்கழி விடுமுறைக்கு மகள் பிள்ளைகளோடு வந்திருந்த சமயம் அது. மதுரைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா என்னிடம் கேட்டாள்.

“ஏலே, மத்த கோயிலெல்லாம் எனக்கு வேண்டாம். ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக் கெடக்காரே, அவரு காலை மட்டும் ஒரு தடவ பாத்துட்டு வந்துருதேன். கூட்டிட்டுப் போவியா?”

தாமிரபரணிக் கரையில் பெருமாள் நின்ற கோலத்தில் ஓர் ஊரில், இருந்த கோலத்தில் ஓர் ஊரில், கிடந்த கோலத்தில் ஓர் ஊரில் சேவை சாதிக்கிறார். கிடந்த கோலத்துத் திருமேனி மிகப் பெரியது. வாசலில் நின்றால் முகமும் மார்பும் தெரியும், திருவடி தெரியாது. பிரகாரத்தைச் சுற்றிவந்தால் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாகத்தான் திருவடியைச் சேவிக்கவேண்டும். உச்சிப்பொழுதுக்கு முன் போனால் வெளிச்சம் அந்த ஜன்னல் வழியாக உள்ளே விழும். அக்கா கேட்டது அந்த ஒரு ஜன்னலை.

அவள் ஒன்று கேட்டாள். நான் அதை நான்காக்கினேன். அத்தனை தூரம் போய் ஒருவரை மட்டும் சேவித்துவிட்டுத் திரும்புவது கடைக்குப் போய் உப்பு வாங்கிவருவது போன்றது என்றேன். தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், பிறகு மகுடம் வைத்தாற்போல் கிடந்த பெருமாள் என்று வரிசை வகுத்தேன். துறைமுகத்தின் சிக்னல் ஸ்டேஷனில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன் நான். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு நங்கூரம் போட்டது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று பிசகில்லாமல் எழுதியவன். நான்கு கோயில்களை ஒரு முற்பகலில் அடக்குவது எனக்கு ஒரு வேலையே அல்ல என்று எண்ணினேன். வண்டியில் இடம் இருக்கிறதே என்று மகள் பிள்ளைகளையும் ஏற்றினாள். அங்கேதான் மூன்று பைகள் வந்தன.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என்று சொன்ன பயணம் ஏழு இருபதுக்குப் புறப்பட்டது. நான்கு வயதுக்காரிக்கு எந்தச் செருப்பு என்பதில் கால்மணி நேரம் போயிற்று. பெரியவளுடைய கைப்பேசி முழுதாகச் சார்ஜ் ஏறுவதற்காக அரைமணி நேரம் காத்திருந்தோம். ஒரு கப்பல் இந்தக் காரணத்தைச் சொல்லி நின்றிருந்தால் நான் அதைக் கடலுக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

வண்டியோட்டி நாசரேத் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வேதக்காரர். கண்ணாடிக்குக் கீழே சின்னச் சிலுவை தொங்கியது. நவதிருப்பதிக் கோயில்களுக்கு ஆட்களை ஏற்றிப் போவதே தம் பிழைப்பு என்றும், எந்தக் கோயிலில் எப்போது நடை திறக்கும், எங்கே புளியோதரை நன்றாயிருக்கும் என்றெல்லாம் தமக்குத் தெரியும் என்றும் அவராகவே சொன்னார். எழுபது வருடமாகப் பாசுரம் ஓதுகிறவனுக்கு நடை திறக்கும் நேரத்தை இவர் சொல்லித்தரவேண்டுமா என்பது என் எண்ணம்.

முக்காணி தாண்டுவதற்குள் முதல் பை தீர்ந்துவிட்டது. ஒட்டுப்படங்கள் சின்னவளின் கன்னத்திலும் வண்டியின் கண்ணாடியிலும் அக்காவின் சேலையிலும் இருந்தன. ஒன்பது வயதுக்காரனுக்குப் பிளாஸ்டிக் டைனோசர்கள் பன்னிரண்டு. அவற்றின் பெயர்களை அவன் ஒப்புவித்தான். பெருமாளின் பன்னிரு நாமங்களைச் சொல்லத் தெரியாத வாய் அந்தப் பெயர்களைத் தடுமாறாமல் சொல்லியது. பதினைந்து வயதுக்காரி காதில் வெள்ளைக் குமிழ்களைச் செருகிக்கொண்டு, தாமிரபரணிப் பாலத்தையும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களையும், ஒரு பேருந்து நிலையச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சின்னவள் அழத் தொடங்கியதும் மகள் மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தாள். மக்ரூன் உள்ளே போனது. குரும்பூருக்கு முன்பே வெளியே வந்தது. வண்டியை நிறுத்திக் கழுவினோம். அக்காதான் கழுவினாள். பிள்ளையின் வாயைத் துடைத்து, நெஞ்சைத் தடவி, முன்னால் பார்த்து உட்காரவைத்தாள். அதன்பின் பிள்ளை வாந்தி எடுக்கவில்லை. இத்தனைக்கும் மகளின் காகிதத்தில் வாந்திக்கு ஒரு வரிகூட இல்லை.

அப்போதுதான் நான் களத்தில் இறங்கினேன்.

எந்தத் தலத்துக்குப் போகிறோமோ அந்தத் தலத்தின் பதிகத்தை, ஊர் எல்லை தொடங்கும்போது ஆரம்பித்து, கோயில் வாசலில் முடிப்பது என் வழக்கம். அன்று அதைப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாக்கினேன். பதிகத்தில் பாசுரம் பத்து, ஓதுவதன் பலனைச் சொல்லும் பாசுரம் ஒன்று, ஆகப் பதினொன்று. பாசுரம் முடியும்தோறும் பையன் இருக்கையின்மேல் ஒரு டைனோசரை நிறுத்தவேண்டும். “மால்” என்ற சொல் வரும்போதெல்லாம் சின்னவள் கை தட்டவேண்டும். பெரியவள், எனக்கு மூச்சு எங்கே முறிகிறது என்று கவனித்துச் சொல்லவேண்டும். மகளின் பட்டியலைப் பார்த்துச் சிரித்த நானே, வயதுக்கு ஒன்றாக மூன்று பணிகளைப் பங்கிட்டுக்கொடுத்தேன். அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

வெட்கத்தோடு எழுதுகிறேன்: அது நன்றாக நடந்தது. தென்திருப்பேரையில் பதினொரு பிராணிகள் வரிசையாக நின்றன. சின்னவள் “மால்” வராத இடத்திலும் தட்டினாள், ஆனால் தட்டினாள். ஆழ்வார்திருநகரியில் பெரியவள் ஒரு காதிலிருந்து குமிழை எடுத்துவிட்டு, ஏழாம் பாட்டில் மூச்சு முறிந்ததென்று சொன்னாள். உண்மைதான். மகள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அக்காவும் மெல்லக் கூட ஓதினாள். எங்கள் தகப்பனார் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஸ்ரீவைகுண்டத்தில் சேவித்துவிட்டு வெளியே வந்தபோது நான் மூன்று வெற்றி பெற்ற தளபதிபோல் நடந்தேன். மணி பதினொன்று இருபது. வெயில் இருந்தது, ஆனால் மேகம் ஏறத் தொடங்கியிருந்தது. மழை வருமென்று தோன்றியது.

நான்காவது ஊருக்கு அங்கிருந்து பத்து நிமிடம்கூட இல்லை. வண்டி அசைந்ததும் தொடங்கினேன். வாசலுக்கு வந்து நின்றபோது பலன் சொல்லும் பாசுரமும் முடிந்தது. அக்கா கதவின் கைப்பிடியைத் தேடினாள்.

பையன் சொன்னான்: “தாத்தா, பத்துதான் நிக்குது. ஒண்ணு விட்டுட்டீங்க.”

எண்ணினேன். பத்து. அவன் தவறியிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். கைப்பேசியில் அந்தப் பதிகத்தைத் திறந்து வைத்திருந்த பெரியவள் குமிழைக் கழற்றாமலே, அஞ்சுக்கு அப்புறம் ஆறு வரவில்லை, நேரே ஏழுக்குப் போய்விட்டீர்கள் என்று சொன்னாள். யோசித்துப் பார்த்தேன். விட்டிருந்தேன்.

வேறு குடும்பமாக இருந்தால் சிரித்துவிட்டு இறங்கியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. பதிகத்தில் ஒரு பாசுரம் விடுபட்டால் தொடக்கத்திலிருந்து மறுபடியும் ஓதவேண்டும். ஓதும்போது நடுவில் பேசக்கூடாது. ஓதி முடியும்வரை கேட்பவர் எழுந்துபோகக்கூடாது. அப்படிப் போவது பாட்டை அவமதிப்பது. இந்த மூன்று கட்டளைகளையும் தகப்பனார் எங்களுக்குப் பாலோடு ஊட்டினார் என்று சொல்லலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்திரண்டு. நடை சாத்துவது பன்னிரண்டுக்கு. நிறுத்தி ஓதினாலும் கால்மணி நேரம். ஏராளமாக இருக்கிறது. மூன்று பிள்ளைகளின் முன்னால் தவறு செய்த பாட்டைத் திருத்தாமல் விட்டுப்போக எனக்கு மனமில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அதுதான் பெரிய காரணம்.

வண்டியோட்டி திரும்பினார்.

“அண்ணாச்சி, நடை சாத்துதது பன்னெண்டுக்குத்தான். ஆனா அதுக்கு முந்தியே தளிகைக்குத் திரையப் போட்டுருவாவ. சுத்துல உள்ள ஜன்னலையும் அடைச்சிருவாவ. ஆச்சிய மொதல்ல எறக்கி விடுங்க. பாட்டப் பொறவு பாடிக்கிடலாம்லா.”

“உங்க கோயில்ல பாதிப் பாட்டுல எந்திரிச்சுப் போவீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க கோயில்ல கதவு தெறந்தேதான் கெடக்கும் அண்ணாச்சி,” என்றார் அவர். அதோடு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெருமாள் அமுதுசெய்யும் உச்சிக்காலத் தளிகைக்குத் திரை போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? எழுபது வருடம் கோயிலில் நின்றவன். தெரியும். அவர் சொன்னதால் அதை மறந்தேன். சிலுவை தொங்கும் வண்டியிலிருந்து அந்தச் செய்தி வந்ததால், அதைச் செவியில் ஏற்றுக்கொள்வது எனக்கு இழிவாகத் தோன்றியது.

முதல் பாசுரத்திலிருந்து தொடங்கினேன். இரண்டாவதன் முடிவில் அக்கா, “ஏலே, எறங்கட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டாள். நான் கையை உயர்த்தினேன். அந்தக் கை அவளுக்குத் தெரிந்தது. நேரே இருப்பதுதான் அவளுக்குத் தெரியுமே. கைப்பிடியிலிருந்து விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் பாசுரத்திலிருந்து அவளும் கூட ஓதினாள். கண் போய்க்கொண்டிருக்கும் கிழவி ஒருத்தி, தான் பார்க்க வந்த ஜன்னலுக்கு அறுபது அடி தூரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, எழுந்து போனால் பாட்டுக்குக் குற்றமாகிவிடுமே என்று ஓதிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு பிழையைச் செய்ய எங்கள் குடும்பத்தாரால் மட்டுமே முடியும்.

நடுவில் எழுந்துபோனவள் பெரியவள்தான். ஏதோ அவசரம் என்று சைகை காட்டிவிட்டு, ஐந்தாவது பாட்டில் கதவைத் திறந்து இறங்கினாள். நான் புருவத்தை நெரித்தேன். டைனோசர்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஆறாம் பாசுரத்தை அழுத்தி, அடி பிரித்து, ஒருவரும் இனிக் குறை சொல்ல முடியாதபடி ஓதினேன். பதினொன்றும் நின்றன. மணி பதினொன்று நாற்பத்தொன்பது.

உள்ளே போனோம். திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் மணி அடித்தது. பிரகாரத்தைச் சுற்றி ஓடினோம், அக்காவை நானும் மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு. ஜன்னலின் மரக்கதவு மூடியிருந்தது. அதன் பக்கத்தில் பெரியவள் நின்றாள்.

“இப்பதான் மூடினாங்க,” என்றாள். “நான் பாத்தேன். பெரிய பெரிய பாதம். வெளிச்சம் அப்படியே மேல விழுந்துச்சு.”

காதில் குமிழோடு வந்தவள், கும்பிடுவதா வேண்டாமா என்றுகூட அறியாதவள், ஒன்றும் கேளாமல் போய்ச் சேவித்துவிட்டாள். பதினொரு பாசுரம் பிழையற ஓதியவன் மரக்கதவின் முன் நின்றான்.

அக்கா கதவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“நீ பாடுததக் கேக்கவாலே வந்தேன்? அத வீட்டுல இருந்தே கேப்பேன். பாக்கத்தானே வந்தேன்.”

வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வரலாம் என்று மகள் சொன்னாள். நாளைக்கு மதுரையில் சேரவேண்டும் என்று அக்கா நினைவூட்டினாள். மாலை நடை திறக்கும்வரை தான் இங்கனேயே இருக்கப்போவதாகச் சொல்லி, வெளி மண்டபத்தில் தூணோரமாக உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தோம். ஐந்து மணி நேரம்.

அந்த ஐந்து மணி நேரத்தில் பிள்ளைகள் கைப்பேசியை மறந்து, மர நிழலில் அணிலோடும் கூழாங்கல்லோடும் விளையாடி, இயற்கையின் மடியில் தங்களைக் கண்டுகொண்டார்கள் என்று எழுதினால் வாசிப்பவர்கள் மகிழ்வார்கள். அப்படிப்பட்ட கட்டுரைகள் நிறைய வருகின்றன; எழுதுகிறவர்கள் பிள்ளைகளோடு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தவர்களாக எனக்குத் தெரியவில்லை. நடந்தது இது: மூன்று பைகளும் ஒன்றரை மணிக்குள் தீர்ந்தன. கைப்பேசி இரண்டரை மணிக்குச் செத்தது. அதன்பின் பெரியவள் தம்பியோடு சண்டை பிடித்தாள். தம்பி தங்கையைக் கிள்ளினான். தங்கை ஊர் கேட்க அழுதாள். தூறல் விழுந்ததால் மண்டபத்தைவிட்டு இறங்கவும் வழியில்லை. கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். இன்னொரு பதிகம் ஓதட்டுமா, விளையாடலாமா என்று பிள்ளைகளைக் கேட்டேன். பையன் அக்காவைப் பார்த்தான்; பிறகு டைனோசர்களைப் பைக்குள் போட்டு மூடினான். ஒன்பது வயதில் அவனுக்கு இருந்த கூச்சம் எழுபத்து நான்கு வயதில் எனக்கு இல்லை.

வண்டியோட்டி முன்சீட்டைச் சாய்த்துப்போட்டுத் தூங்கினார். மூன்று மணிக்கு எழுந்து, அக்காவுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு கண்ணாடித் தம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வேண்டாமென்று சொல்லியிருப்பேன், அதையும் அறிந்திருப்பார்.

நான் நேரத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தேன். மார்கழியில் பகல் சின்னது. மேகம் ஆற்றுப் பக்கமிருந்து வந்து வந்து அடைந்தது. நான்கு மணிக்கே மண்டபத்தூணின் நிழல் தரையில் இல்லாமல் போயிற்று. அக்கா அவ்வப்போது தன் கையை முகத்துக்கு நேரே நீட்டி, விரித்துப் பார்த்துக்கொண்டாள். வெளிச்சம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அவள் அளந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்தபின் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

பூசை செய்யும் பட்டர் ஐந்து மணிக்குச் சரியாக வந்தார். நடை திறந்து, விளக்கேற்றி, முன் காரியங்களை முடிக்க இன்னும் சிறிது நேரம் ஆயிற்று. இதற்குள் சின்னவள் அழுது களைத்து என் மடியில் தூங்கியிருந்தாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

“நீ பிள்ளையப் பாத்துக்கிட்டு இங்கன இரி,” என்றாள் அக்கா. “நீதான் பாடிட்டல்லா.”

உட்கார்ந்தேன். எழுபத்து நான்கு வயதில், அந்தக் கோயிலுக்குப் போய், நடை திறந்த பின்னும் உள்ளே போகாமல் வெளியே இருந்தது அன்று ஒருநாள்தான். அக்கா பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளும் பையனும் பின்னால் போனார்கள். படியில் அக்கா தயங்கியபோது பெரியவள், “இன்னும் ரெண்டு படி, அப்புறம் சமம்,” என்று சொல்வது கேட்டது. இரண்டு காதுகளிலும் ஒன்றுமில்லை, குமிழ்களும் செத்திருக்கவேண்டும்.

அவர்கள் நெடுநேரம் வரவில்லை. பையன் மட்டும் முதலில் ஓடி வந்தான். பெரிய ஆச்சி ஜன்னல்கிட்டயே நிற்கிறார்கள், பட்டர் விளக்கைத் தூக்கிக் காட்டினார், ஆச்சி இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் கீழே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்றான். நான் பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயில் பாசுரம் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும் விழுங்கியிருப்பேன்.

கடைசியில் அக்கா வந்தாள். வண்டிக்கு நடந்தோம். ஏறி உட்கார்ந்த பின் கேட்டேன், தெரிந்ததா என்று.

“வலது கால்ல அஞ்சு வெரலும் தெரிஞ்சுது. எடது கால்ல நாலு.”

பிரசவ வார்டில் பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கியதும் விரல்களை எண்ணி, பக்கத்தில் நிற்பவர் எழுதிக்கொள்ளச் சொல்லும் குரல் அது. குற்றம் சாட்டவில்லை, குறிப்புச் சொன்னாள்.

“சுண்டுவெரல் தெரியல,” என்றாள். “வெளக்கு அங்கன எட்டல. வெளிச்சமிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

மூன்று பைகள் கட்டிய மகளுக்கும், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்ட மருமகனுக்கும், காதை அடைத்துக்கொண்ட பேத்திக்கும் அன்று காலையிலிருந்து நான் அளந்து வைத்திருந்த இகழ்ச்சி முழுவதும் என்னிடம் மிச்சமிருந்தது. அதைக் கொடுக்க வேறு ஆள் அந்த வண்டியில் இல்லை.

மதுரையில் அறுவை முடிந்தது. வலது கண்ணில் மிச்சமிருந்த பார்வை நிலைத்தது. இடது கண்ணில் நிலைக்கவில்லை. இப்போது அவள் தன் வீட்டுக்குள் சுவரைத் தொட்டு நடக்கிறாள். சென்ற வாரம் போயிருந்தபோது, அந்த ஊர்ப் பதிகத்தை ஒருமுறை சொல்லேன் என்று கேட்டாள். தொடங்கினேன். நான்காம் பாசுரத்தில் அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. அவள் நடுவிலேயே எழுந்து போனாள். நான் நிறுத்திக்கொண்டேன்.